வளையமா, கப்பியா? குதிரை லாயத்தில் ஒரு விசைக் கணக்கு

குதிரை ஒன்றுக்கு நாள்தோறும் எவ்வளவு தீனி வேண்டும்? அதன் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை உலர்ந்த தீனி தேவை என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு 6 முதல் 8 கிலோ புல் வேண்டும். இதைத் தரையில் கொட்டினால் குதிரை அதை மிதித்து லத்தியோடு கலந்து வீணாக்கிவிடும். ஆகவேதான் லாயங்களில் உலர்ந்த புல்லைக் கயிற்று வலையில் திணித்து, சுவரில் பதித்த இரும்பு வளையத்தில் தொங்கவிடுகிறார்கள்.

பொம்மிடிப் பக்கத்தில் கொள்ளு விளையும். அதைத் தின்னும் குதிரையைத்தான் அதிகம் காண முடியாது. ஆனால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குச் சென்றவர்கள் அங்கே கூடும் குதிரைச் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தோடு இருந்த ஓசூரை அடுத்த மத்திகிரியும் ஆங்கிலேயர் காலத்தில் படைக்குதிரைகளைப் பேணிய இடம்தான். குதிரை இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டைப் பரணில் ஏற்றுவதற்கும் இதே கணக்குத்தான்.

தூசி பறக்காமலிருக்கப் புல்லை நீரில் நனைத்துக் கொடுப்பது வழக்கம். 5 கிலோ புல் நனைந்தபின் 12 கிலோ ஆகிவிடக்கூடும். இந்த 12 கிலோ வலையை ஆள் உயரத்திற்கு ஏற்ற வேண்டும். பலரும் என்ன செய்கிறார்கள்? வலையின் கயிற்றை வளையத்துக்குள் நுழைத்து, மறுமுனையைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்கிறார்கள். கிணற்றுக் கப்பியில் தண்ணீர் சேந்துவது போலத்தானே இதுவும் என்று தோன்றும். அப்படியன்று! கப்பி சுழலும், வளையம் சுழலாது. கயிறு வளையத்தின்மேல் உராய்ந்துகொண்டே வழுக்க வேண்டும்.

இந்த உராய்வு எவ்வளவு? 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை ஆய்லர் இதை ஆராய்ந்தார். கயிறு எத்தனை கோணம் வளைந்து செல்கிறதோ அதைப் பொறுத்தே இழுவிசை மாறுகிறது. வளையம் பெரியதா சிறியதா என்பது பொருட்டல்ல. கயிற்றுக்கும் இரும்புக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், அரைச் சுற்றுக்கு, அதாவது 180 பாகைக்கு, விசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. எனவே 12 கிலோ வலையை ஏற்ற 12 × 2.5 = 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும்! கையால் நேரே தூக்குவதைவிட இது கடினம் அல்லவா?

இதோடு முடியவில்லை. வளையம் பதித்த ஆணியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் வலையின் 12 கிலோ, மறுபக்கம் உங்கள் 30 கிலோ. இரண்டும் கீழ்நோக்கியே இழுக்கின்றன. ஆக 42 கிலோ! வலை சும்மா தொங்கும்போது அசையாத ஆணி, ஏற்றும்போது பிடுங்கிக்கொண்டு தலையில் விழுவதன் காரணம் இதுதான்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஏற்றும்போது எதிரியாக இருந்த உராய்வு, ஏற்றியபின் நண்பனாகிறது. வலை கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ள 12 ÷ 2.5, அதாவது ஏறத்தாழ 4.8 கிலோ விசை போதும். கப்பியில் இந்தச் சலுகை கிடையாது. கப்பியில் ஏற்றுவதற்கு 12 கிலோவுக்குச் சற்று அதிகமான விசையே போதும். ஆனால் பிடித்து நிறுத்தவும் ஏறக்குறைய 12 கிலோ வேண்டும். கை நழுவினால் வலை தொப்பென்று விழும்.

என்னைக் கேட்டால், மேலே கப்பியும் கீழே சுவரில் ஒரு வளையமும் வைத்துக்கொள்வதே சிறந்தது என்பேன். கப்பி ஏற்றித் தரும்; கயிற்றின் நுனியை வளையத்தில் கட்டிவிடலாம். கப்பி இல்லாத லாயத்தில் வேறு வழி உண்டு. முதலில் வலையில் நீர் நன்றாக வடியட்டும். பிறகு வலையை உடலோடு அணைத்துத் தோளால் சுவரோரம் உயர்த்துங்கள். மற்றொரு கையால் கயிற்றின் தொய்வை மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். தூக்குவது தோள், தாங்குவது வளையம்.

உடலோடு அணைத்து என்றேனே, அது வெறும் பேச்சுக்காக அன்று. குனிந்து, கையை நீட்டி 12 கிலோவைத் தூக்கினால், இடுப்பு முள்ளெலும்பிலிருந்து பளு அரை மீட்டர் தள்ளி நிற்கிறது. அதைச் சமன்செய்யும் முதுகுத் தசையோ 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி தசை 12 × 50 ÷ 5 = 120 கிலோ விசை தர வேண்டும்; உங்கள் உடலின் எடையைத் தாங்குவது தனி. பளுவை 20 சென்டிமீட்டருக்கு அருகே கொண்டுவந்தால் அதே விசை 48 கிலோவாகக் குறைகிறது. லாயக்காரர்கள் பலர் இடுப்பு வலியால் அவதிப்படுவதில் வியப்பில்லை.

குதிரையின் பாதுகாப்பும் முக்கியம். புல் தீரத்தீர வலை சுருங்கி, நீண்டு, கீழே தொங்கும். காலைத் தூக்கும் குதிரையின் லாடம் வலைக்கண்ணில் மாட்டினால் அது மிரண்டு கால் எலும்பையே முறித்துக்கொள்ளும். ஆகையால் கயிற்றை வளையத்தில் நுழைத்தபின், வலையின் அடிக்கண் ஒன்றிலும் நுழைத்து மறுபடி மேலே இழுத்துக் கட்டுவார்கள். காலி வலையும் அப்போது தாழாது. முடிச்சோ, வால்நுனியை ஒரே இழுப்பு இழுத்தால் அவிழ்வதாக இருக்க வேண்டும்.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அரைச் சுற்றுக்கு 2.5 மடங்கு என்றால் ஒரு சுற்றுக்கு 6.25 மடங்கு, இரண்டு சுற்றுக்கு ஏறத்தாழ 39 மடங்கு! துறைமுகத்தில் தூணில் சில சுற்றுக் கயிற்றைப் போட்டு ஒரே ஆள் கப்பலைப் பிடித்து நிறுத்துவது இதனால்தான். கையும் கயிற்றுக்குத் தூண்தான். குதிரை வெடுக்கென இழுத்தால் கயிறு வழுக்காது, விரல்தான் போகும்.

கப்பிகளைக் கூட்டினால் என்ன ஆகும்? பொம்மிடியிலிருந்து சேலத்துக்கு ரயிலில் போகும்போது மின்கம்பங்களைக் கவனியுங்கள். சில கம்பங்களில் இரும்பு எடைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். வெயிலில் மின்கம்பிகள் நீண்டு தொய்யாமல் இழுத்துப் பிடிப்பவை இவை. இரண்டு கம்பிகளின் மொத்த இழுவிசை 2000 கிலோ. ஆனால் மூன்று கப்பிகள் கொண்ட அமைப்பில் தொங்குவது 665 கிலோதான். மூன்றில் ஒரு பங்கு. அதற்கு விலையாக, கம்பி ஓர் அடி நீண்டால் எடை மூன்று அடி இறங்க வேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை. கிடைமட்டமான இரும்புக் கம்பியின்மேல் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் நீர் நிரம்பிய சிறு வாளியைக் கட்டுங்கள். மறுமுனையைச் சுருள்வில் தராசால் நேர்கீழாக, மெதுவாக இழுங்கள். வாளி ஏறும்போது ஓர் அளவு, மெதுவாக இறங்கும்போது ஓர் அளவு எனக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். பிறகு வாளியைத் தராசில் நேரடியாக மாட்டி எடை பாருங்கள். இரண்டு விடைகளும் ஏன் ஒத்துவருகின்றன என்று யோசித்து எழுதுங்கள்.