பாஷை தெரியாத சகோதரர்

(வேத பாடம்)
வாசிக்க: அப்போஸ்தலர் 28:1-10; 1 கொரிந்தியர் 14:11



ஷிப்ட் முடிகிற நேரத்தில் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் வரைக்கும் போய்ப் பாருங்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற வாலிபர்களில் எத்தனை பேர் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசுகிறார்கள்! அவர்களிலே நம் ஆண்டவரைத் தொழுகிறவர்களும் உண்டு. அவர்களை நாம் எப்படிச் சந்திப்பது? இதுவே நமது பாடம்.

1. மெலித்தா தீவில் நடந்தது

கப்பல் உடைந்து 276 பேர் கரையேறினார்கள். மழை, குளிர். அந்தத் தீவாரை லூக்கா 'அந்நியர்' என்கிறார். கிரேக்க மூலத்தில் அது 'பர்பரோஸ்', அதாவது கிரேக்க பாஷை பேசாதவன். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாவிட்டால் இருவரும் அந்நியரே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போதும் இதே வார்த்தைதான். அந்த அந்நியர் முதலில் செய்தது என்ன? நெருப்பு மூட்டினார்கள். பவுல் என்ன செய்தார்? விறகு பொறுக்கினார். புபிலியுவின் தகப்பன் காய்ச்சலாய்க் கிடந்தபோது கிட்டப் போய், ஜெபித்து, கைகளை வைத்தார். மூன்று மாதம் அங்கே தங்கினார். ஆனாலும் அவர் செய்த பிரசங்கம் ஒன்றாவது எழுதப்படவில்லை. விறகும் ஜெபமும் எழுதப்பட்டிருக்கிறது. கவனியுங்கள்!

2. நமக்காகப் பாஷை கற்றவர்

1706 ஜூலை 9-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் ஒரு லுத்தரன். நம் பாஷையில் ஒரு வார்த்தையும் தெரியாது. படித்த மனுஷன், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. பெந்தெகொஸ்தே சபையாராகிய நாம் அந்த லுத்தரன் சபைக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

3. ராஞ்சியிலிருந்து வந்த சிறு மந்தை

இப்போது அந்தக் கடனைத் தீர்க்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. எங்கள் ஊரில் ஷீட் போட்ட ஒரு வாடகை அறையில் ஜார்க்கண்ட் வாலிபர்கள் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். சிம்டேகா, கும்லா பக்கத்துப் பிள்ளைகள், கோஸ்னர் லுத்தரன் சபையார். 1845-ல் ஜெர்மனியிலிருந்து நான்கு மிஷனெரிகள் ராஞ்சிக்கு வந்தார்கள். முதல் வருஷங்களில் பலன் அரிதாயிருந்தது. 1850 ஜூன் 9-ல் ஒராவோன் ஜனத்தார் நான்குபேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். 1919 ஜூலை 10-ல் அந்தச் சபை தன் சொந்தக் காலில் நின்றது. போதகரில்லாமல் தவிப்பது அவர்கள் முன்னோருக்கே பழக்கம்!

ஆனால் இந்தப் பிள்ளைகளின் நிலைமை? நான் முதலில் போனபோது பத்தொன்பது பேர். சில மாதத்தில் ஆறு பேர். காண்டிராக்ட் முடிந்தால் வேறு ஊர், நைட் ஷிப்ட் என்றால் தூக்கம். கர்த்தருடைய பந்தி எடுத்து ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. வீட்டுக்கார அம்மா என்னிடம், "அய்யா, இதுங்க என்ன பாடுதுன்னு தெரியல, ஆனா பாடினா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார்கள்.

4. பாஷையில்லாமல் எப்படி ஐக்கியங்கொள்வது?

எனக்கு இந்தி வராது. உள்ளே போனதும் "யீசு சகாய்" என்று கைகூப்பினார்கள். இயேசு சகாயர்! இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? 'ஆமென்', 'அல்லேலூயா' இரண்டு பக்கமும் ஒன்றே. 23-ம் சங்கீதத்தை எடுத்தோம். ஒரு வசனம் அவர்கள் இந்தியில், அதே வசனம் நான் தமிழில். ஆறு வசனம் முடியும்போது ஒரு தம்பி அழுதுகொண்டிருந்தான்.

ஒராவோன் ஜனத்தாரின் குருக் பாஷை தமிழுக்கு உறவு. 'நீன்' என்றால் நீ, 'பல்' என்றால் பல், 'நாம்' என்றால் நாம்! அந்தத் தம்பி சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாயிருந்தது.

பிறகு ஒருவனுக்கு பிரஸ் மிஷினில் இரண்டு விரல் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் அவன் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. நம் சபைச் சகோதரர் இரண்டு பேர் கூடவே இருந்து, இ.எஸ்.ஐ. அட்டை, விபத்து அறிக்கை எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார்கள். சகோதரிகள் மாற்றி மாற்றி கஞ்சி கொண்டுபோனார்கள். இதுதான் மெலித்தாவின் விறகு.

5. ஒரு எச்சரிப்பு

ஒரு சகோதரன் என்னிடம், "பாஸ்டர், இவங்கள தண்ணியில இறக்கிட்டா நம்ம சபை தானே?" என்று கேட்டார். ஞானஸ்நானத்தைக் குறித்து நம் உபதேசம் வேறு, அவர்கள் உபதேசம் வேறு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தனிமையில் தவிக்கிறவனுடைய தவிப்பை வலையாக்கலாமா? மற்றவன் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டாதபடி பவுல் ஜாக்கிரதையாயிருந்தார் (ரோமர் 15:20). சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே விசாரித்து, இந்தி தெரிந்த லுத்தரன் போதகர் ஒருவரைக் கண்டுபிடித்தோம். அவர் வந்து பந்தி பரிமாறினார். அன்றைக்குப் பதினொரு பேர். நான் பின்னால் பாயில் உட்கார்ந்து ஆமென் சொன்னேன்.

தேவபிள்ளையே, அந்நியபாஷையிலே மணிக்கணக்காய் ஜெபிக்கிற நாம், பக்கத்து அறையில் அந்நிய பாஷைக்காரனோடு பத்து நிமிஷம் உட்காரக் கூச்சப்படலாமா? உங்கள் தெருவிலும் இப்படி ஒரு அறை இருக்கும். இந்த வாரம் கதவைத் தட்டுங்கள். அவன் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.