பெரியாற்று அணையும் பொதுப்பணமும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் சனவரி 15 அன்று ஊர்கூடிப் பொங்கல் வைக்கின்றனர். முல்லைப்பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் பிறந்தநாள் அது. அரசு பணம் தர மறுத்தபோது அவர் தம் சொத்தை விற்றுப் பணியை முடித்தார் என்றொரு கதையும் அங்கே வழங்குகிறது. நன்றியில் விளைந்த கதைதான். ஆயினும், அணை எழுந்தது சென்னை மாகாண அரசின் பொதுநிதியில். அந்நிதிக்குப் பெரும்பங்கு அளித்தது உழவர் செலுத்திய நிலவரி. கதையை மட்டும் கேட்போர் கண்ணுக்கு அவ்வுழவர் தெரிவதில்லை.

அரசு ஏன் செலவிட முன்வந்தது? 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம், மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணத்திற்கு விரைவூட்டியது. பாசனம் பெற்ற நிலத்தில் விளைச்சல் பெருகும், தீர்வையும் கூடும், போட்ட முதல் மெல்லத் திரும்பும். இரக்கமும் வரவுக்கணக்கும் இங்கே கைகோத்தன.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய், காலம் 999 ஆண்டுகள்! பணத்தின் மதிப்பு மாறும் என்பதை எழுதியோர் கருதவில்லை போலும். 1895இல் நீர் சுரங்கம் வழியே இறங்கி வைகையைச் சேர்ந்தது. 1970இல்தான் ஏக்கருக்கு 30 ரூபாயென வாடகை உயர்ந்தது. லோயர் கேம்ப்பில் அந்நீரால் எடுக்கும் மின்சாரத்திற்கும் தனிக்கட்டணம் விதிக்கப்பட்டது.