மதிப்பு கொடுத்தும் நல் வருவது ஏன்?

கேள்வி: ஜாவாவில் சப்கிளாஸ் ஃபீல்டை டிக்ளேர் செய்யும்போதே மதிப்பும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் ஒரு மெத்தடில் அது நல் என்றே வருகிறதே, ஏன்?

பதில்: உங்கள் சூப்பர்கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் அந்த மெத்தடை அழைக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். நியூ என்றதும் ஜாவா நினைவகத்தில் இடம் ஒதுக்கி, எண்களுக்கு 0, பூலியனுக்கு ஃபால்ஸ், ரெஃபரன்ஸ்களுக்கு நல் என்று நிரப்பிவிடும். அடுத்து சூப்பர்கிளாஸ் கன்ஸ்ட்ரக்டர் முழுதாக ஓடி முடியும். அதன் பிறகே சப்கிளாஸ் ஃபீல்டுகளில் நீங்கள் எழுதிய மதிப்பு ஏறும். இடையிலேயே அழைக்கப்பட்ட மெத்தட் நல்லைத்தானே பார்க்கும்? சி பிளஸ் பிளஸ்ஸில் இதே இடத்தில் தாய் வகுப்பின் மெத்தடே ஓடும். ஜாவாவில் ஓவர்ரைடு செய்ததுதான் ஓடும். ஆகவே, ஓவர்ரைடு செய்யக்கூடிய மெத்தடைக் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து அழைக்கவே அழைக்காதீர்கள்.