உப்பிலும் வாழும் குட்டி உயிர்கள்

ஊறுகாய் ஏன் மாசக்கணக்கில் கெடாமல் இருக்குது தெரியுமா? உப்பு அதிகமானால் பாக்டீரியா செல்லில் இருக்கிற தண்ணீர் வெளியே போய்விடும். பாடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான் இது. அழுக வைக்கும் பாக்டீரியா அதில் வளர முடியாது.

ஆட்டுத்தோல், மாட்டுத்தோலையும் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் அதை ஊறவைத்துக் கழுவும்போது உப்பு, இரத்தம், அழுக்கு எல்லாம் தண்ணீரில் கலக்கும். சுத்திகரிப்புத் தொட்டியில் அழுக்கைத் தின்ன வேண்டிய சாதாரண பாக்டீரியா, உப்பு மிஞ்சினால் வேலை செய்யாது.

ஆனால் உப்பளத்திலும் கடல் சேற்றிலும் வாழ்கிற பாக்டீரியாக்கள் உண்டு! சில, செல்லுக்குள் எக்டோயின் என்ற பொருளைச் சேர்த்துத் தண்ணீர் வெளியேறாமல் காத்துக்கொள்ளும். இவற்றைத் தொட்டியில் வளர்த்து, காற்றை ஊதினால் அழுக்கைத் தின்றுவிடும்.

ஒன்றை மறக்காதீங்க. பாக்டீரியா அழுக்கைத்தான் தின்னும், உப்பைத் தின்னாது! உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. இயந்திரம் வேண்டும். மிச்ச நீரை ஆவியாக்க வேண்டும். கரண்டும் பணமும் நிறைய ஆகும். பாலாற்றுப் பக்கம் கிணறும் வயலும் கெட்டதால்தான், மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அதனால் ஊறவைக்கும் முன்பே தோலை நன்றாக உதறி உப்பை எடுக்கணும். அழுக்கைப் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். உப்பைக் குறைப்பது மனிதர் வேலை!