வினவி அறியும் மருத்துவம்

நுழையும்முன்

மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவருக்குக் காய்ச்சல் அளவும் குருதி அழுத்தமும் தவறாமல் பார்க்கப்படுகின்றன. அவருடைய மனம் எவ்வாறு இருக்கிறது என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அந்தக் கேள்வியை எளிய மக்கள் நாடிவரும் மருத்துவ நிலையங்களுக்கு எடுத்துச் சென்ற முயற்சிகளையும், அதனைக் கேட்பதற்கு உரிய சொற்களைத் தேடிய வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உடலின் மொழியில் மனத்தின் துயர்

ஆரம்ப சுகாதார நிலையங்களின் புறநோயாளிகள் பிரிவில் காலை வேளையில் நீண்ட வரிசையைக் காணலாம். தலைவலி, உடல்வலி, தூக்கமின்மை, பசியின்மை, நெஞ்சுப் படபடப்பு, காரணம் புரியாத களைப்பு எனப் பலவகைக் குறைகளோடு மக்கள் வருவர். அவர்களுள் சிலருக்குக் குருதிப் பரிசோதனையிலும் ஊடுகதிர்ப் படத்திலும் குறை எதுவும் தென்படாது. சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் பெற்றுச் செல்லும் அவர்கள், சில வாரங்களில் அதே குறையோடு மீண்டும் வருவர். அவர்களுக்கு நோய் உண்டு. ஆனால், அது இருக்கும் இடத்தில் தேடப்படவில்லை.

மனச்சோர்வும் பதற்றமும் பெரும்பாலும் உடலின் வழியாகவே வெளிப்படுகின்றன. மனம் வாடும்போது உறக்கமும் பசியும் குறைகின்றன. தசைகள் இறுகி வலிக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இவற்றோடு தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. ‘மனசு சரியில்லை’ என்று சொல்லக் கூசுபவர், ‘உடம்பு முடியவில்லை’ என்று எளிதாகச் சொல்லிவிடுவார். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அறிவுறுத்துகிறது. காரணம் மனத்தில் இருக்கும்போது உடலை மட்டும் ஆராய்வது பாதி மருத்துவமே ஆகும்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015–16ஆம் ஆண்டில் இந்தியாவின் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கின்றனர் என அது கண்டறிந்தது. பாதிக்கப்பட்டோருள் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை, நோயின் வகைக்கேற்ப, உரிய சிகிச்சையைப் பெறவில்லை என்பதையும் அவ்வாய்வு வெளிப்படுத்தியது.

முதல்நிலை மருத்துவத்தின் வாய்ப்பு

உலக நலவாழ்வு அமைப்பு 1948இல் நடைமுறைக்கு வந்த தன் அமைப்புச் சட்டத்தில், உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றும் நன்னிலையில் இருப்பதே நலம் என வரையறுத்தது. 1978இல் கஜகஸ்தானின் அல்மா-அட்டா நகரில் நடைபெற்ற பன்னாட்டு மாநாடு, அனைவருக்கும் நலவாழ்வு கிட்ட முதல்நிலை மருத்துவமே வழி என அறிவித்தது. இவ்விரு கருத்துகளும் இணையும் இடத்தில் பிறந்ததே, மனநலத்தை முதல்நிலை மருத்துவத்தின் ஒரு பகுதியாக்கும் எண்ணம்.

இதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. மனநல மருத்துவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவர்களுள் பெரும்பாலோர் நகரங்களில் பணிபுரிகின்றனர். மனநல மருத்துவமனையின் வாயிலை மிதிப்பதையே இழுக்காகக் கருதுவோர் பலர். ஆரம்ப சுகாதார நிலையமோ நடந்துசெல்லும் தொலைவில் இருக்கிறது. அங்கே செல்பவர் எதற்காகச் செல்கிறார் என்று யாரும் ஐயுறுவதில்லை. மேலும், நீரிழிவு, இதயநோய் போன்ற நெடுநாள் நோய்கள் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுகிறது. சோர்வுற்றவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை. அதனால் உடல்நோயும் முற்றுகிறது. ஒன்றைக் கவனியாமல் மற்றொன்றைக் குணப்படுத்துவது அரிது.

ஒன்பது வினாக்கள்

குருதி அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. மனச்சோர்வை அளப்பது எவ்வாறு? சில நிமிடங்களில் கேட்டு முடிக்கத்தக்க வினாப்பட்டியல்களை அறிஞர்கள் இதற்காக உருவாக்கினர். அவற்றுள் பரவலாகப் பயன்படுவது, ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோங்கே ஆகியோர் உருவாக்கிய பி.எச்.க்யூ-9 என்பதாகும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்மை, மனவாட்டம், உறக்கக் குறைபாடு, களைப்பு, தன்னைத் தானே தாழ்வாக எண்ணுதல் முதலியன எத்தனை நாள்கள் இருந்தன என அதன் ஒன்பது வினாக்கள் கேட்கின்றன. ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 27இல் 10 அல்லது அதற்கு மேல் பெறுபவரை மருத்துவர் விரிவாக ஆராய வேண்டும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். வினாப்பட்டியல் நோயை உறுதிசெய்வதில்லை; நோய் இருக்கக்கூடியவரை அடையாளம் காட்டுகிறது. அண்மையில் உறவினரை இழந்தவரும், தைராய்டு சுரப்புக் குறைந்தவரும்கூட உயர்ந்த மதிப்பெண் பெறலாம். காரணத்தை அறிந்து முடிவுசெய்வது மருத்துவரின் பணி.

தெரிந்து தெளிவோம்

• எடின்பரோ வினாப்பட்டியல்: மகப்பேற்றுக்குப் பின் தாய்மார்களுக்கு ஏற்படும் மனச்சோர்வை அறிய 1987இல் வெளியிடப்பட்டது, 10 வினாக்கள் கொண்டது.
• ஆடிட்: மதுப்பழக்கத்தால் விளையும் தீங்கை அறிய உலக நலவாழ்வு அமைப்பு உருவாக்கியது, 10 வினாக்கள் கொண்டது.
• பி.எச்.க்யூ-9: மனச்சோர்வை அறிய 2001இல் வெளியிடப்பட்டது, 9 வினாக்கள் கொண்டது.
• ஷோனா வினாப்பட்டியல்: ஜிம்பாப்வே மக்களின் மொழிவழக்கிலிருந்து 1990களில் உருவானது, 14 வினாக்கள் கொண்டது.

ஷோனா மொழி தந்த பாடம்

ஒரு மொழியில் உருவான வினாவை மற்றொரு மொழியில் பெயர்த்துவிட்டால் போதுமா? ஆப்பிரிக்க நாடான ஜிம்பாப்வேயில் இவ்வினா எழுந்தது. இந்திய மனநல மருத்துவர் விக்ரம் படேல் 1990களில் அந்நாட்டின் தலைநகர் ஹராரேயில் ஆய்வு மேற்கொண்டார். மனத்துயரை அம்மக்கள் எச்சொற்களால் குறிக்கின்றனர் என்பதை நோயாளிகளிடமும் நாட்டு வைத்தியர்களிடமும் நலவாழ்வுப் பணியாளர்களிடமும் அவரும் அவருடைய குழுவினரும் கேட்டறிந்தனர். அம்மக்கள் பேசும் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்றொரு சொல் வழங்குகிறது. ‘அளவுக்கு மீறி எண்ணிக்கொண்டே இருத்தல்’ என்பது அதன் பொருள். மருத்துவ நூல்கள் மனச்சோர்வு, பதற்றம் எனப் பிரித்துக் கூறுவனவற்றின் பெரும்பகுதியை அம்மக்கள் இந்த ஒரு சொல்லில் அடக்கியிருந்தனர்.

இச்சொல்லும் இதுபோன்ற பிற வழக்குகளுமே ஷோனா வினாப்பட்டியலின் அடித்தளம் ஆயின. கடந்த ஒரு வாரத்தில் பலவற்றையும் ஆழ்ந்து எண்ணிக்கொண்டிருந்தீர்களா, உறக்கம் வராமல் தவித்தீர்களா, வயிறு வலித்ததா, அழுதீர்களா என்பன போன்ற வினாக்களுக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடையளித்தால் போதும். எழுத்தறியாதவரும் தம் வாழ்க்கையைத் தம் சொற்களிலேயே அடையாளம் கண்டுகொண்டனர். மக்கள் மொழியை அறிவதும் மருத்துவ அறிவின் ஒரு பகுதியே என்பதை இவ்வினாப்பட்டியல் மெய்ப்பித்தது.

நட்பு இருக்கை

வினாவுக்கு விடை கிடைத்தபின் உதவ யார் இருக்கிறார்? ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே இருந்தனர். அவர்களுள் ஒருவரான டிக்சன் சிபாண்டா, தம்மிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவரை 2005இல் இழந்தார். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் அப்பெண் சிகிச்சைக்கு வர இயலாது போயிற்று. மருத்துவமனையைத் தேடி மக்கள் வருவதற்கு மாறாக, மக்கள் இருக்கும் இடத்திற்கு மருத்துவம் செல்ல வேண்டும் என்ற முடிவுக்குச் சிபாண்டா வந்தார்.

ஹராரேயின் எம்பாரே பகுதியில் 2006இல் அவர் பணியைத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தவை இரண்டே: 14 மூதாட்டிகள், மருத்துவ நிலையத்தின் வெளியே மரநிழலில் ஒரு மர இருக்கை. அம்மூதாட்டிகள் மருத்துவம் பயின்றவர்கள் அல்லர். அப்பகுதியிலேயே வாழ்ந்து, நலவாழ்வுப் பணி செய்துவந்தவர்கள். தொடக்கத்தில் அவ்விருக்கைக்கு மனநலத்தைக் குறிக்கும் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அதில் அமர மக்கள் தயங்கினர். பெயரை மாற்றுமாறு மூதாட்டிகளே அறிவுரை கூறினர். ‘நட்பு இருக்கை’ எனப் பெயர் மாறியபின் மக்கள் வரத் தொடங்கினர்.

மருத்துவ நிலையத்திற்கு வருவோரிடம் ஷோனா வினாக்கள் கேட்கப்பட்டன. உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் இருக்கைக்கு அனுப்பப்பட்டனர். மூதாட்டி முதலில் அவர்களுடைய துயரை முழுவதும் கேட்டார்; பின்னர்ப் பல சிக்கல்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அதனைத் தீர்க்கும் சிறு வழிகளை அவர்களையே கண்டறியத் தூண்டினார். தன் உயிருக்குத் தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் உடையவர்கள் உடனடியாக மேல்நிலை உதவிக்கு அனுப்பப்பட்டனர்.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார் திருவள்ளுவர். நவீன மருத்துவமனைகள் பெரிதும் மறந்துவிட்ட நான்காம் கூற்றுக்கு அம்மூதாட்டிகள் உயிர்கொடுத்தனர்.

இம்முயற்சியின் பயன் முறையாக ஆராயப்பட்டது. ஹராரேயின் 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளியாயிற்று. ஆறு திங்கள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. நட்பு இருக்கையில் அமர்ந்தவர்களுள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரிடமே அவை எஞ்சியிருந்தன.

கோவாவில் ஒரு முயற்சி

இந்தியாவிலும் இத்தகைய ஆய்வு நடைபெற்றது. விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் கோவாவின் 24 முதல்நிலை மருத்துவ நிலையங்களில் மேற்கொண்ட ஆய்வின் முடிவுகள் 2010இல் வெளியாயின. மருத்துவரைக் காண வருவோரிடம் குறுகிய வினாப்பட்டியல் கொண்டு கேட்டு, பாதிப்பு உள்ளவர்களைப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகரிடம் அனுப்பினர். தேவைப்பட்டோருக்கு மருத்துவர் மருந்து அளித்தார். மனநல மருத்துவர் அவ்வப்போது வந்து வழிகாட்டினார். அரசு மருத்துவ நிலையங்களில் இம்முறையில் கவனிக்கப்பட்டோர், மற்றவர்களைவிட மிகுதியாகக் குணமடைந்தனர். தனியார் மருத்துவர்களிடம் சென்றோரிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. முறை ஒன்றே ஆயினும் செயற்படும் சூழலுக்கேற்ப அதன் பயன் வேறுபடும் என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

வினா மட்டும் போதுமா?

எல்லாரிடமும் இவ்வினாக்களைக் கேட்க வேண்டுமா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. உறுதியான நோயறிதலும் சிகிச்சையும் தொடர்கவனிப்பும் உள்ள இடங்களில் வயதுவந்தோர் அனைவரையும் சோதிக்கலாம் என அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ வல்லுநர் குழு பரிந்துரைக்கிறது. கனடாவின் வல்லுநர் குழுவோ, அனைவரையும் வழக்கமாகச் சோதிப்பதால் நன்மை விளையும் என்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் கூறி, 2013இல் அதற்கு எதிராகப் பரிந்துரைத்தது.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. துயரைக் கேட்டறிந்தபின் உதவாமல் விடுவது, கேளாமல் இருப்பதைவிடக் கொடிது. நெரிசல் மிகுந்த புறநோயாளிகள் பிரிவில், பலர் காதில் விழும்படி கேட்கப்படும் வினாவுக்கு உண்மையான விடை கிடைக்காது. விடையளித்தவரின் மறைபொருளைக் காத்தல், மருத்துவரின் நேரம், மருந்து இருப்பு, ஆலோசகர், மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பும் வழி ஆகிய அனைத்தும் அமைந்தால்தான் வினாவுக்குப் பொருள் உண்டு.

நம் நாட்டின் பாதை

இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சியளித்து மனநல மருத்துவம் வழங்கும் முயற்சி 1980களில் மேற்கொள்ளப்பட்டது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் உருவாயிற்று. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. மனநல மருத்துவச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2022 அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் எவரும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

சட்டமும் திட்டமும் பாதையை அமைத்துத் தருகின்றன. அப்பாதையில் முதல் அடி, ஒருவர் மற்றொருவரிடம் கேட்கும் கேள்வியே. ‘நன்றாக உறங்குகிறீர்களா? மனத்தை எதுவும் வருத்துகிறதா?’ என்று கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டு, விடை வரும்வரை காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மருத்துவச்சீட்டில் சர்க்கரை அளவுக்கும் குருதி அழுத்தத்திற்கும் அருகில் மனநலத்திற்கும் ஓர் இடம் அமையும் நாளில், உடல்வலி எனச் சொல்லி வரிசையில் நிற்பவரின் சொல்லப்படாத வலியும் மருத்துவரைச் சென்றடையும்.

கற்பவை கற்றபின்

1. மனத்துயரைக் குறிக்க உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களையும் தொடர்களையும் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் பொருளை விளக்குக.
2. ‘நட்பு இருக்கை’ எனப் பெயர் மாற்றியது ஏன் பயன் தந்தது? வகுப்பில் கலந்துரையாடுக.
3. ‘துயரைக் கேட்டறிந்தபின் உதவாமல் விடுவது, கேளாமல் இருப்பதைவிடக் கொடிது’ – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் சொற்போர் நிகழ்த்துக.
4. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மனநலச் சேவைகளை அறிந்து, பள்ளி அறிவிப்புப் பலகைக்கு ஒரு செய்திக்குறிப்பு எழுதுக.