தேனி மாவட்டப் பள்ளிகளுக்குத் தொழில்நுட்பத் திட்டம் வகுக்கும் முறை

பள்ளித் தொழில்நுட்பத் திட்டம் என்பது எந்தப் பள்ளிக்கு எந்தக் கருவி, எவ்வகை இணைய இணைப்பு, யாருடைய பொறுப்பு, எந்த ஆண்டில் மாற்றம் என்பவற்றை மாவட்ட அளவில் முன்கூட்டியே முடிவுசெய்யும் ஆவணமாகும். தேனி மாவட்டத்தில் இதன் முதற்படி பள்ளிகளைத் துறைவாரியாகப் பிரிப்பதாகும். பள்ளிக்கல்வித் துறைப் பள்ளிகளோடு, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கீழ் நெடுங்காலமாக இயங்கிவந்த அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இங்கு உள்ளமையால், கொள்முதல் அனுமதியும் பராமரிப்பு நிதியும் ஒரே அலுவலகத்திலிருந்து வரும் என்று எண்ணி எழுதப்படும் திட்டம் பாதியில் நின்றுவிடும்.

இரண்டாவது படி கள ஆய்வு. கருவிகளின் எண்ணிக்கையை எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்திலிருந்து எடுக்கலாம். மின்கம்பியின் நிலையையும் கூரைக் கசிவையும் நேரில் சென்றே அறிய முடியும். அவற்றுள்ளும் முதன்மையானது எர்த் எனப்படும் நிலத்தொடர்பு, அதாவது மிகுதியான மின்சாரத்தைக் கருவிக்குள் பாயவிடாமல் மண்ணுக்குள் இறக்கும் அமைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்னலுக்கு ஆளாகும் மலையடிவாரப் பள்ளிகளில் இதைக் கோடையில் அளப்பதே முறை. ஈரமண்ணில் மின்தடை குறைந்து காட்டுவதால் மழைக்கால அளவீட்டை நம்ப இயலாது. திறன்பலகையின் விலையை நோக்க நிலத்தொடர்பைச் சீராக அமைக்கும் செலவு அற்பமே. எனினும் திறப்பு விழாப் படத்தில் எர்த் குழி தெரியாது என்பதாலோ என்னவோ, அது பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

அடுத்து இணைய வேகத்தைக் கணக்கிட வேண்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் 20 கணினிகள் ஒரே நேரத்தில் காணொலியை இயக்க, கணினி ஒன்றுக்கு நொடிக்கு 2 மெகாபிட் எனக் கொண்டால், 40 மெகாபிட் தேவைப்படும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் போன்ற பள்ளத்தாக்கு ஊர்களில் கண்ணாடியிழை இணைப்பால் இதை எட்டலாம். மேகமலை, அகமலை, குரங்கணிப் பகுதிகளின் மலைப் பள்ளிகளுக்கும் அதே வேகத்தை எழுதிவைப்பது காகிதத்தோடு நின்றுவிடும். அங்கு, பாடநூலின் க்யூஆர் குறியீடுகள் சுட்டும் காணொலிகளை வட்டார வளமையத்தில் தரவிறக்கி, பள்ளியிலுள்ள ஒரு கணினியில் சேமித்துப் பருவந்தோறும் புதுப்பிப்பதே பொருத்தம்.

நிதி மதிப்பீட்டில் வாங்கும் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்க்க வேண்டும். அதற்குள் யுபிஎஸ் பேட்டரிகள் பெரும்பாலும் ஒருமுறையேனும் மாற்றப்பட வேண்டியிருக்கும். மென்பொருள் உரிமக் கட்டணத்தைக் குறைக்க விரும்புவோர், குமுளிக்கு அப்பால் கேரள அரசுப் பள்ளிகள் கைட் எனப்படும் அம்மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தின் வழியே கட்டற்ற மென்பொருளைக் கொண்டு கற்பித்துவருவதைச் சென்று காணலாம்.

பயிற்சிக்கு உத்தமபாளையத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஏற்ற இடமாயினும், வருசநாட்டு ஆசிரியர்களுக்கு அது தொலைவு என்பதால், வட்டார வளமையங்களிலும் பயிற்சியை நடத்த வேண்டும். பள்ளிக்கு இருவரைப் பொறுப்பாக்குவதும், பொதுமாறுதல் கலந்தாய்வில் இடம்மாறுபவர் கடவுச்சொற்களையும் உத்தரவாதச் சீட்டுகளையும் இருப்புப் பதிவேட்டுடன் ஒப்படைத்த பின்னரே பணியிலிருந்து விடுவிக்கப்படுவதும் நல்லது. கழிக்கப்படும் கணினிகளை எடைக்குப் போடாமல், வன்தட்டிலுள்ள மாணவர் விவரங்களை முற்றாக அழித்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படிப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, அதற்கான ரசீதைப் பதிவேட்டில் ஒட்டிவைக்க வேண்டும்.