கல்லறைக்குக் கிரானைட் போடுவதற்கு முன்

குடும்ப வரலாறு தேடப்போகிறேன், யோசனை சொல்லுங்கள் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கல்லறைத் தோட்டத்தில் இருக்கிற பழைய கல்லை யாரையும் தொடவிடாதீர்கள். பதிவேடு செல்லரித்துப் போனாலும் நகல் எங்கேயாவது கிடக்கலாம். கல்லுக்கு நகல் கிடையாது. எங்கள் பெரியப்பா வீட்டார் பூட்டன் கல்லறையைச் சீர்படுத்துகிறோம் என்று பழைய கல்லைப் பெயர்த்துவிட்டுக் கருப்புக் கிரானைட் பதித்தார்கள். அந்த ஒரே வேலையில் என் ஆச்சியைப் பெற்ற தாயின் பெயர் எங்கள் ஊரிலிருந்தே அழிந்துபோனது.

நாசரேத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. புதுக் கல்லில் பூட்டன் பெயர் இருக்கிறது; கீழே ‘இவர் மனைவி’ என்று ஒரு பெயர், இருவருக்கும் தோற்றம், மறைவு, ஒரு வேத வசனம். அந்தப் பெயருக்குரியவர்தான் என் பூட்டி என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் அவர் பிறந்த ஊரைத் தேடிப் போனேன். அந்த ஊர்க் கோயிலில் பதிவேடு பார்த்து, அவருடைய அண்ணன் தம்பி வழியெல்லாம் நோட்டில் எழுதி, அவருடைய தாத்தா பெயர் வரைக்கும் போய்விட்டேன். வருஷங்கள் ஓடின. எழுதியது அத்தனையும் என் ஆச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு குடும்பத்தின் வழி. நேரம் போனதைக்கூட மன்னித்துவிடலாம். அந்த வருஷங்களில் ஆச்சியின் சொந்தச் சித்தி மகள் முதலூரில் உயிரோடு இருந்திருக்கிறார். கடைசி வரைக்கும் நினைவு தப்பாத மனுஷி என்று சொன்னார்கள். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவந்தபோது அவரை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். இந்த ஒன்றை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ஆச்சியின் ஞானஸ்நானப் பதிவை முதலிலேயே பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். பார்க்காமல் இல்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்கும். அங்கேயே ஞானஸ்நானமும் கொடுத்துவிடுவார்கள். அதனால் மூத்த பிள்ளையின் பதிவு அப்பா ஊரில் இல்லாவிட்டால் அம்மா ஊர்ச் சேகரத்தில், அதாவது அந்த ஊர் சேர்ந்திருந்த திருச்சபை வட்டாரத்தில், தேட வேண்டும். இது நல்ல வழி, நீங்களும் இப்படித்தான் தேட வேண்டும். ஆனால் கிரானைட் எனக்குக் காட்டிய அம்மா வேறு ஆள். வேறு ஊரின் பதிவேட்டில் என் ஆச்சி எப்படி இருப்பார்?

முடிச்சை அவிழ்த்தது திருமணப் பதிவேடு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த படிவத்தில் பெயர், வயது, தொழில், தகப்பன் பெயரோடு ‘நிலை’ என்றும் ஒரு பத்தி உண்டு. மணமாகாதவரா, துணையை இழந்தவரா என்று அதில் குறிக்க வேண்டும். பலர் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். பூட்டன் பதிவு 1920இல் இருந்தது. மணமகளுக்கு நேரே கன்னிகை. மணமகனுக்கு நேரே, மனைவியை இழந்தவர். ஆச்சி 1915இல் பிறந்தவர் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் கல்யாணத்துக்கு ஐந்து வருஷம் முன்னால். யாரும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில்லை, அல்லது பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அடக்கப் பதிவேட்டை 1920லிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். 1919இல் ஒன்றுமில்லை. 1918இன் கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மற்ற மாதங்களில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ அடக்கம். அக்டோபரிலும் நவம்பரிலும் பக்கம் பக்கமாக. காரணம் எழுதுகிற பத்தியில் மேலே ‘காய்ச்சல்’, அதற்குக் கீழே வரிசையாக ‘மேற்படி’, ‘மேற்படி’. பாதியில் கையெழுத்து மாறுகிறது. சேகரக் குருவான ஐயரும் படுத்துவிட்டார் போல. உபதேசியார் எழுதத் தொடங்கியிருக்கிறார். அந்தக் கோணல் கையெழுத்தில்தான் என் பூட்டி இருக்கிறார்: இன்னாரின் மனைவி, வயது 22, மேற்படி. இரண்டு வரி தள்ளி, இன்னாரின் ஆண் குழந்தை, பெயர் இடப்படவில்லை, மேற்படி. மூன்று வயது ஆச்சியைத் தாய்மாமன் முதலூருக்குத் தூக்கிக்கொண்டுபோய் வளர்த்தார் என்பது பிறகு தெரிந்தது.

அந்தக் காய்ச்சல் 1918இன் இன்புளுயன்சா, உலகம் முழுக்கப் போன நோய். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் சாவு என்று பெரும்பாலான கணிப்புகள் சொல்கின்றன. 1911க்கும் 1921க்கும் நடுவில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்துபோனது. இந்தியக் கணக்கெடுப்புகளில் அப்படி நடந்தது அந்த ஒரு பத்தாண்டில்தான். உங்கள் வீட்டில் 1918க்குப் பிறகு ‘இரண்டாம் தாரம்’ என்ற பேச்சு எங்கேயாவது அடிபட்டால், அல்லது ஒரு பிள்ளை மட்டும் காரணமில்லாமல் தாய்மாமன் வீட்டில் வளர்ந்திருந்தால், நேரே அந்த இரண்டு மாதப் பக்கங்களுக்குப் போங்கள்.

பழைய கல்லைத் தேடினேன். கிரானைட் வேலை செய்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று பெரியப்பா வீட்டில் யாருக்கும் ‘தெரியாது’. தோப்பில் வேலை பார்த்த பெரியவர்தான் சொன்னார், மோட்டார் ரூம் வாசலில் படியாகக் கிடக்கிறது என்று. பாதிக் கல். எழுத்து கீழ்ப்பக்கம் மண்ணில் பதிந்திருந்ததால் தேய்மானம் இல்லை.

கல்லை வாசிக்கிற முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். கம்பி பிரஷ், ஆசிட், செங்கல் பொடி எதுவும் கூடாது. வெறும் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்துக்குள் இறுகியிருந்தால் ஊறவைத்து மூங்கில் குச்சியால் எடுங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு கல்லாகப் பக்கவாட்டில் பிடித்தால் குழியில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அப்படித்தான் எனக்கு ‘௲௯௰௪ ௵ ஐப்பசி ௴’ என்ற வரி கிடைத்தது. ஆயிரம், ஒன்பது பத்து, நாலு: 1094. இது கொல்லம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையில் பழைய பத்திரத்திலும் கல்லிலும் இதுதான் வழக்கம். ஆவணியில் தொடங்கி மார்கழி பாதி வரைக்கும் 824ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு 825. ஐப்பசி என்பதால் 824, ஆக 1918. பதிவேட்டோடு பிசகாமல் பொருந்தியது. மேலே பெயரின் கடைசிப் பகுதியும் ‘அம்மாளும் குமாரனும்’ என்ற சொற்களும் இருந்தன. பெயர் இடப்படாத அந்தப் பிள்ளையையும் கல்லில் எழுதியிருக்கிறார் பூட்டன். அந்த மனுஷனுக்கு இருந்த அக்கறை அவர் பேரன்மாருக்கு இல்லை.

கல்லை நான் வண்டி வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திருட்டு என்று சொல்கிறார்கள். வாசற்படியாக மிதித்துக்கொண்டிருந்தவர்கள் சொல்லட்டும். கல்லறைக்கே திருப்பி எழுத்து மேலே தெரியும்படி வைப்பதானால் மறுநாளே கொடுக்கிறேன் என்று சேகரக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் இப்படிச் செய்ய நேரலாம், செய்யுங்கள். எடுப்பதற்கு முன் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, பக்கத்தில் இரண்டு சாட்சிகளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்ற ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கணக்கெடுப்பில் ஆள் பெயர் தேட முடியாதா என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் நூறு வருஷம் முடிந்ததும் 1921 படிவங்களை 2022இல் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 72 வருஷக் கணக்கு. 1950 படிவங்கள் அதே வருஷம் வெளிவந்தன. இங்கே 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி வீட்டுப் படிவங்களை யாரும் பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பது ஊர்த் தொகை மட்டும். 1951 முதல் வந்த மாவட்டக் கையேடுகளில் ஊர் ஊராக இருக்கும். பெயர் வேண்டுமென்றால் வாக்காளர் பட்டியலுக்குப் போங்கள்: தகப்பன் பெயர் அல்லது கணவன் பெயர், வயது, கதவு எண் எல்லாம் உண்டு. பிறப்பு இறப்புக் கணக்கைக் கிராம முன்சீப்புகள் எழுதிவந்தார்கள். 1980இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்ட பிறகு நோட்டுகள் எங்கே போயின என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். தாலுகா அலுவலகத்தில் தொடங்குங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரை நம்புங்கள், பிறந்த தேதியை நம்பாதீர்கள். நானும் ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைக்கு ஐந்து வயது ஆக வேண்டும் என்று தலைமையாசிரியர் போட்ட தேதிகள் அவை. ஞானஸ்நானப் பதிவில் பிறந்த தேதி இருந்தால் அதுதான் சரி.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகள் இருக்கின்றனவே என்பார்கள். அவை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் உரியவை. நம் ஆட்கள் நம் சேகர ஆலயத்து பீரோவில்தான் இருக்கிறார்கள். சேகர எல்லைகள் மாறியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் ஊர் அன்றைக்கு எந்தச் சேகரத்தில் இருந்தது என்று விசாரித்துவிட்டு அங்கே போங்கள். ஐயரைச் சனி, ஞாயிறு தொந்தரவு செய்யாதீர்கள். அசனம், ஸ்தோத்திரப் பண்டிகை சமயத்திலும் போகாதீர்கள்.

இரங்கல் விளம்பரம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தினத்தந்தி 1942இல் மதுரையில் தொடங்கியது. அதற்குப் பிந்தைய சாவுகளுக்குக் கண்ணீர் அஞ்சலி, நினைவு அஞ்சலி என்று ஏதாவது வீட்டில் இருக்கும், பெரும்பாலும் பைபிளுக்குள். தேதிக்காக அதைப் பார்க்காதீர்கள். யார் பெயர் எந்த இடத்தில் வருகிறது, யார் பெயர் வரவில்லை என்று பாருங்கள். காசு கொடுத்துப் போட்டவர் யார் என்பதும் முக்கியம். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மகள் அதில் இருக்கமாட்டாள். சொத்துத் தகராறில் இருக்கிற தம்பி இருக்கமாட்டான். ஆச்சி 1979இல் காலமானபோது என் அப்பா போட்ட விளம்பரத்தில், உடன்பிறந்தோர் வரிசைக்குக் கீழே தனியாக ஒரு வரி: ‘முதலூர் தாய்மாமன் மக்கள்’. கிரானைட்டில் இருக்கிற பூட்டிக்கு முதலூரில் உறவே கிடையாது. அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பெரியப்பா வீட்டாரை எதிர்த்துப் பேசாமல், தாளில் ஒரு வரியாக அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் முதலூருக்குப் போனேன். 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான ஊர்; இன்றைக்கு ஊருக்குள் நுழைந்தால் மஸ்கோத் அல்வாக் கடைதான் முதலில் கண்ணில் படும். ஆச்சியின் ஞானஸ்நானம் அந்த ஊரில்தான் எழுதியிருந்தது, தாயின் முழுப்பெயரோடு.

கடைசியாக, சொத்துச் சந்தேகம். நம் ஊரில் யார் பூட்டன் பெயரைக் கேட்டாலும் பங்குக்கு வருகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்ற சொற்களையே முதல் சந்திப்பில் எடுக்காதீர்கள். நான் ஒரு காகிதமும் கேட்காமலே எனக்குப் பங்குக்கு வந்தவள் என்ற பெயர் வந்தது. முதல் தாரத்து வாரிசு கேஸ் போடப்போகிறாள் என்று ஊர் முழுக்கப் பேசினார்கள். ஒரு சென்ட் நிலமும் எனக்கு வேண்டாம் என்று பெரியப்பா மகன் அண்ணனிடம் நேரில் சொல்லிவிட்டேன். “அப்ப எதுக்கும்மா இதையெல்லாம் கிளறுத?” என்றார். ஆச்சியைப் பெத்தவ பேரு அந்தக் கல்லுல வரணும்ண்ணே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வீட்டு மைனிமார்தான் அடுப்படியில் உட்காரவைத்து மிச்சத்தையெல்லாம் சொன்னார்கள். எந்த ஊருக்குப் போனாலும் முன்வாசலில் ஆண்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

இப்போது பெரியப்பா வீட்டார் குடும்ப மலர் போடுகிறார்களாம். இரண்டாம் பூட்டியின் பிறந்த வீட்டு வழி முழுவதும் என் நோட்டில் இருப்பது தெரிந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அது அவர்களுடைய வம்சம், அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும், மறுக்கவில்லை. 1918 அடக்கப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் முதலூர் ஞானஸ்நானப் பதிவையும் அதே மலரில், வெட்டாமல், முதல் மனைவி என்ற தலைப்போடு அச்சிடுவதாக எழுதிக் கொடுத்தால் நோட்டு அன்றைக்கே போகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.